திண்ணையின் கடன்

ஒரு கட்டிடம் மனிதனைப் பார்த்து 'வாருங்கள்' என்று சொல்லுமா? கல்லுக்கும் மரத்துக்கும் வாய் இல்லை. ஆனால் கட்டியவன் மனத்தில் இருப்பதை அவை ஒளிக்காமல் சொல்லிவிடும்.

'கோ-ஒர்க்கிங்' என்ற பெயரில் நம் நகரங்களில் பொதுப் பணிக்கூடங்கள் பெருகி வருகின்றன. தனி அலுவலகம் வைத்துக்கொள்ள இயலாதவர்கள், மாத வாடகைக்கு ஒரு மேஜையும் நாற்காலியும் பிடித்துக்கொண்டு, முன்பின் அறியாதவர்கள் நடுவே அமர்ந்து அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். 2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் இந்தப் பெயரோடு தொடங்கிய வழக்கம் இது.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் சென்னையில் அப்படி ஒரு கூடம் அமைக்கிறார். காரைக்குடியிலிருந்து பழைய தேக்குத் தூண்கள், தரைக்கு ஆத்தங்குடிக் கற்கள், முகப்பில் ஒரு திண்ணை. "வருகிறவனுக்குச் சொந்த ஊர் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கணும், ஸார்" என்றார். நல்ல ஆசைதான். வரைபடத்தைப் பார்த்தேன். திண்ணை, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருந்தது. அந்தக் கதவோ, அட்டையைக் காட்டினால்தான் திறக்கும்!

திண்ணையின் பொருளே அது கதவுக்கு வெளியே இருக்கிறது என்பதல்லவா? வீட்டுக்காரன் நிலத்தில், வீட்டுக்காரன் பணத்தில் கட்டப்பட்டு, வீட்டைப் பூட்டிய பிறகும் வழிப்போக்கனுக்கென்று விட்டுவைத்த இடம் அது. கூடிப் பணி செய்வதும் நமக்குப் புதிதல்ல. செட்டிநாட்டில் வியாபாரப் பேச்சும் கணக்கு வழக்கும் திண்ணையிலும் முகப்பிலும் நடந்தன. எத்தனையோ ஊர்களில் பள்ளிக்கூடமே திண்ணையில்தான் நடந்தது. திருக்கோவலூரில், மழை இரவில், ஒருவர் படுக்கவே போதுமான இடைகழியில் இரண்டாமவர் வந்ததும் இருவரும் உட்கார்ந்தார்கள். மூன்றாமவர் வந்ததும் மூவரும் எழுந்து நின்றார்கள் என்று ஆழ்வார்களைப் பற்றி ஒரு வரலாறு சொல்லுவார்கள். இடம் பெரிதாகவில்லை, இருந்தவர்கள் தங்களைச் சுருக்கிக்கொண்டார்கள். வரவேற்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

அதற்காகப் பழைய திண்ணையைக் கோயிலாக்கிவிடவும் எனக்குச் சம்மதமில்லை. அந்தத் திண்ணையில் எல்லோரும் உட்கார்ந்துவிட முடிந்ததா? சேரியிலிருந்து வந்தவன் தெருவிலேயே நிறுத்தப்பட்டான். பல தெருக்களில் அவன் கால் வைக்கவே முடியவில்லை. பெண்கள் உள்கட்டுக்குள் இருந்தார்கள். தீண்டாமையை அரசியல் சட்டம் ஒழித்தது 1950-இல். தூணின் வேலைப்பாட்டைப் போற்றுகிறவர்கள், அந்தத் தூணருகே வர அனுமதிக்கப்படாதவனையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தத் தூண்களுக்கும் ஒரு கதை உண்டு. பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்து செல்வம் சேர்த்தவர்கள், அந்நாட்டுத் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து நிறுத்திய தூண்கள் அவை. 1942-இல் ஜப்பானியர் படை பர்மாவைப் பிடித்தது, வியாபாரம் சரிந்தது. பின்னர் பங்காளிகள் பெருகினார்கள். பராமரிக்க முடியாத வீடுகள் சில பிரிக்கப்பட்டன. கதவும் நிலையும் தூணும் காரைக்குடிக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. தூணுக்கு விலை உண்டு. கொடுத்தால் கிடைக்கும். அது தாங்கி நின்ற கடமைக்கு எந்தக் கடையில் விலை கேட்பது?

தகப்பன் சொத்தை ஏற்கிறவன் அவன் கடனையும் ஏற்க வேண்டும் என்பது நம் ஊர் நியாயம். மரபுக்கும் அதே நியாயம்தான் என்று நான் கருதுகிறேன். திண்ணையை எடுத்துக்கொள்கிறவனுக்கு இரண்டு கடன்கள் உண்டு. அறியாதவனுக்கு இடம் கொடுப்பது ஒன்று. அன்று இடம் மறுக்கப்பட்டவனுக்கு இன்றாவது கொடுப்பது மற்றொன்று.

"சதுர அடிக்கு வாடகை கொடுக்கிறேன். பணம் கட்டி வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பும் அமைதியும் வேண்டாமா?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. உள்ளே பூட்டு இருக்கட்டும். பழைய வீட்டிலும் இருந்தது. நான் சொல்லுவது அந்தக் கதவுக்கு வெளியே ஐந்தடி இடம். ஒரு பெஞ்சு, ஒரு மின்விசிறி, ஒரு பானைத் தண்ணீர். உள்ளே இருப்பவர்களுக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டு வரும் பையன், வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு, வாங்குகிறவர் இறங்கி வரும்வரை நின்றுகொண்டேயிருக்கிறான். இரவுக் காவல்காரர், கூட்டிப் பெருக்கும் அம்மாள் — இவர்கள் உட்காரவும் அந்த வரைபடத்தில் இடமில்லை.

ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகிறதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிக் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். மனிதக் கால் பட்டுப் பட்டுத்தான் அதற்குப் பளபளப்பு ஏறும். யாருடைய கால் என்று அந்தக் கல் கேட்பதில்லை. கேட்கிறவர்கள் நாம்தான்.