இவ்வுடல் யாருக்குச் சேஷம்?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

களியக்காவிளையிலிருந்து கிழக்கே வருவோர்க்கு மார்த்தாண்டத்தில் பிரியும் வழியில் திருவட்டாறு. நாகர்கோவிலை அடுத்துத் திருவண்பரிசாரம். பின்னது நம்மாழ்வாரைப் பெற்ற உடையநங்கையார் பிறந்தகம். ஆழ்வாரின் தாய்வீடு என்னும் ஏற்றம் அத்திருப்பதிக்கே உண்டு.

திருவட்டாற்றில் 418 ஆண்டுகளுக்குப்பின் ஸம்ப்ரோக்ஷணம் நடந்த 2022 ஜூலையிலேயே, தில்லியில் மணமாகாத 25 வயதுப் பெண்ணொருத்தி கருக்கலைப்புக்கு அனுமதி வேண்டினாள். உடன்வாழ்ந்தவன் மணக்க மறுத்துவிட்டான். உயர்நீதிமன்றம் மறுத்தது, உச்சநீதிமன்றம், மருத்துவக் குழுவின் கருத்துக்கு உட்பட்டு, இசைந்தது. 24 வாரம்வரை சட்டம் தரும் இடம் மணமானவளுக்கு மட்டுமன்று என்று செப்டம்பர் 29 அன்று விரிவான தீர்ப்பும் வந்தது. ‘என் உடல், என் உரிமை’ என்பது நம் ஸம்ப்ரதாயத்துக்கு ஒக்குமோ?

ஒவ்வாது. சரீரம் ஆத்மாவுக்குச் சேஷம். ஆத்மா எம்பெருமானுக்குச் சரீரம். ‘எனது’ என்பதே மமகாரம். ஆயினும் இதைப் பெண்ணிடம் மட்டும் சொல்லி நிறுத்துவது ஓரவஞ்சனை. அவ்வுடல் அவளுக்கே உரியதன்று எனில், கணவனுக்கும் மாமியாருக்கும் அரசுக்கும் எங்ஙனே உரியதாகும்? 1971ஆம் ஆண்டுச் சட்டம் வயது வந்தவளின் இசைவொன்றையே கேட்கிறது. கணவனின் கையொப்பத்தைக் கேட்பதில்லை. பெண்கரு என்றறிந்து கலைக்கச் சொல்லும் வீட்டாரும் உள்ள நாட்டில் (1994இலேயே அச்சோதனைக்குத் தடைச்சட்டம் வந்தும்) அது அவளுக்குக் காப்பென்றே கருதுகிறோம்.

இனிக் கருவின் பக்கம். பொய்கையாழ்வார் முதல் திருவந்தாதி 6ஆம் பாசுரத்தில், தாம் கருவிலே கிடந்தபோதே அரங்கன் இருக்கும் திசையைத் தொழுததாக அருளிச்செய்கிறார். தொழுதது ஆழ்வாரின் ஏற்றம். அந்தர்யாமியாய் அங்கே அவன் இருப்பது எல்லாக் கருவுக்கும் பொது. உத்தரையின் வயிற்றில் பரீக்ஷித்தைக் கண்ணன் காத்தமையும் அறிவோம். ப்ரூணஹத்தியைச் சாஸ்த்ரம் கொடும்பாவங்களுள் வைக்கிறது. சுமை என்ற ஒன்றுக்காகவே கருவைக் களைவதை நாம் ஏற்பதற்கில்லை.

தாயின் உயிர்க்கே இடரெனில் அது வேறு. 2012இல் அயர்லாந்தில், கருச்சிதைவு உறுதியாகியிருந்தும் கருவின் இதயம் துடிக்கிறதென்று சொல்லிக் கலைக்க மறுத்தனர். சவிதா ஹலப்பனவர் குருதி நச்சாகி மாண்டார். இரண்டு உயிரும் போயின. அங்கே தாயைக் காப்பதே தர்மம். பலாத்காரத்தால் கருவுற்ற சிறுமியின் திறத்திலோ, தூர இருந்து தீர்ப்புரைக்க நாம் துணியோம்.

கலைத்துவிட்டு, ஆண்டுகள் பல கழிந்தும் உள்ளே அழுதுகொண்டிருப்போர் நம் கோஷ்டியிலும் இருக்கலாம். அவர்களைக் கண்டு முகஞ்சுளிக்குமுன் அசோகவனத்தை நினைக்க வேண்டும். தன்னைப் பத்து மாதம் வருத்திய அரக்கியரைக் கொல்ல முற்பட்ட திருவடியிடம், பிழை செய்யாதவர் யார் என்று கேட்டுத் தடுத்தவளன்றோ நம் பிராட்டி! அவள் புருஷகாரமாக நிற்கையில் நாம் யாரை விலக்குவது? ‘எங்களுக்கும் ஸமாச்ரயணம் உண்டோ’ என்று தயங்குவோர் தயங்க வேண்டா. உண்டு. தத்தம் ஆசார்யனிடம் விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்க.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்