துணியில் இருந்த மணல்



மோட்டார் வாகனத்தைத் தண்ணீர் கீறுவதில்லை, துணியும் கீறுவதில்லை. துணிக்குள் அகப்பட்ட மணலே கீறுகிறது. வாகனங்களுக்குப் பெயின்ற் அடிக்கும் தொழிலாளியைக் கேட்டால் இதைத்தான் சொல்வார். புழுதியைத் தண்ணீர் அடித்து அகற்றாமல் காய்ந்த துணியால் துடைப்பவன், நிலத்தில் விழுந்த துணியை உதறிவிட்டு மீண்டும் எடுப்பவன், ஒரே வாளித் தண்ணீரில் திரும்பத் திரும்ப நனைப்பவன், எல்லாருமே சுத்தம் செய்யத்தான் போனார்கள். இது அசட்டையினால் வந்த பிழையல்ல, அக்கறையினால் வந்த பிழை.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பெரிய சனிக்கிழமை. பதின்மூன்று வயதுப் பையன், தகப்பனுக்குச் சொல்லாமல் காரைக் கழுவிப் பளபளப்பாக்கி வைக்க ஆசைப்படுகிறான். குசினியில் சட்டி தேய்க்கும் பச்சைத் துண்டையும் சவர்க்காரத் தூளையும் எடுக்கிறான். காய்ந்தபின் வெயிலில் பார்த்தால் பொனற் முழுவதும் வட்டம் வட்டமாய்க் கீறல். தகப்பன் வருகிறார். கொழும்பிலிருந்து வந்திருக்கும் பெரியப்பா குடும்பத்தின் முன்னால், “உனக்கு ஒரு வேலையாவது ஒழுங்காய்த் தெரியுமோ?” என்று தொடங்கி, போன தவணைப் புள்ளிகள் வரைக்கும் இழுத்துப் பேசிவிடுகிறார். இப்போது அந்த வீட்டில் கீறல் இரண்டு இடங்களில்.

முதலாவது இலகுவானது. இன்றைய கார்களில் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, பிறகு அடிப்பூச்சு, அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற நிறமற்ற பூச்சு. அந்த மேற்பூச்சின் தடிப்பு ஏறக்குறைய 40, 50 மைக்கிரோன்தான். நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெதுவாய் இழுத்துப் பார்ப்பார்கள். நகம் தடக்காவிட்டால் கீறல் மேற்பூச்சோடு நின்றிருக்கிறது, மினுக்கி எடுக்கலாம். தடக்கினால் ஆழமானது, பெயின்ற் தொட்டு நிரப்பவேண்டும். தகடு தெரிந்தால் தாமதிக்கவே கூடாது. எங்கள் கரையோர ஊர்களின் உப்புக்காற்றில் துரு விரைவாய்ப் பிடிக்கும். பூச்சுக்கு அடியாலேயே பரவும்.

மினுக்குவது என்றால் கீறலை நிரப்புவது என்றே பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. கீறல் ஒரு பள்ளம். கம்பவுண்ட் பசை பூசித் தேய்க்கும்போது, பள்ளத்தைச் சுற்றியுள்ள பரப்பு சிறிது சிறிதாய்த் தேய்ந்து பள்ளத்தின் அடிமட்டத்துக்கு இறங்கி வருகிறது. சுற்றியிருப்பது இறங்கினால்தான் கீறல் மறையும். சற்று ஆழமானால் 2000, 3000 இலக்கச் சாண்ட் பேப்பரை நீரில் நனைத்து முதலில் தேய்ப்பார்கள். இதற்கும் ஓர் அளவுண்டு. மேற்பூச்சு முழுவதும் போய்விட்டால் மறுபடி பெயின்ற் அடிப்பதே வழி. பழைய மொறிஸ் மைனர் வைத்திருந்தவர்களுக்கு இது நன்றாய்த் தெரியும். அந்த நாளைய பூச்சில் நிறமற்ற மேற்படை இல்லாததால், மினுக்க மினுக்கத் துணியில் நிறமே ஒட்டிக்கொண்டு வரும்.

சிலர் மெழுகைப் பூசிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். மெழுகு பள்ளத்தில் படிந்து சில காலம் கீறலை மறைக்கும். நாலு மழை பெய்ய, இருந்த கீறல் இருந்தபடியே தெரியும்.

இனி மற்றக் கீறல். அந்தத் தகப்பன் பொல்லாதவர் அல்லர். பிள்ளை திருந்தவேண்டும் என்றே பேசினார். ஆனால் துணியில் மணல் இருந்தது. கந்தோரில் அந்த வாரம் பட்ட அவமானம், காருக்குக் கட்டவேண்டிய லீசிங் பணம், தமையன் முன்னால் பெரிய மனிதனாய் நிற்கும் ஆசை எல்லாம் அந்தச் சொற்களுக்குள் அகப்பட்டிருந்தன. கண்ணிலுள்ள மரத்துண்டைப் பற்றி ஆண்டவர் சொன்னது, பிறரைத் திருத்தவே கூடாது என்பதற்காக அல்ல. தெளிவாய்ப் பார்த்துத் திருத்துவதற்காக. குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியே பேசும்படியும் அவரே சொன்னார். புனித சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதுகையில் சாந்தத்தோடு திருத்தச் சொல்கிறார். பிள்ளைகள் மனந்தளரும்படி நடக்கவேண்டாம் என்று கொலோசே நகரத்துத் தகப்பன்மாரை எச்சரிக்கிறார்.

மாலையில் அவருக்கு மனம் கேளாது. புதுச் சேட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வருவார். அதுவும் மெழுகுதான். எங்கள் வீடுகளில் தகப்பன்மார் மன்னிப்புக் கேட்பதில்லை. “அவனைச் சாப்பிடக் கூப்பிடு” என்று தாயிடம் சொல்வதோடு சரி.

திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1551-இல் ஒப்புரவுத் திருவருட்சாதனத்தைப் பற்றிப் போதித்தபோது, மனஸ்தாபம், பாவ அறிக்கை என்பவற்றோடு பரிகாரத்தையும் சேர்த்தே சொன்னது. பாவம் மன்னிக்கப்படுகிறது, பாவம் விளைத்த சேதம் அதனால் தானாகச் சரியாகிவிடுவதில்லை. 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதையே போதிக்கிறது: களவெடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், கெடுத்த பெயரை மீட்டுக் கொடுக்கவேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் பெயர் என்று ஒன்று உண்டு என்பதை நாங்கள் பலர் நினைப்பதேயில்லை.

சக்கேயு தன் பரிகாரத்தை எங்கே அறிவித்தான்? ஆண்டவரின் காதோடு அல்ல. முறுமுறுத்த சனங்களின் நடுவே, எழுந்து நின்று, ஏமாற்றியதை நாலு மடங்காய்க் கொடுப்பதாகச் சொன்னான். பிள்ளையிடம் இறங்கிப் போனால் தகப்பனின் மதிப்புக் குறைந்துவிடாதோ என்று கேட்பார்கள். கொஞ்சம் குறையும்தான். மினுக்கும்போது மேற்பூச்சும் குறையத்தான் செய்கிறது. அதனால்தான் மாதாமாதம் கீறி மாதாமாதம் மினுக்க முடியாது.

பெரியப்பா குடும்பம் செவ்வாய்க்கிழமைதான் கொழும்புக்குத் திரும்புகிறது. உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் சாப்பாட்டுக்கு இருக்கையில், அவர்கள் கேட்கவே அந்த வார்த்தையைப் பையனிடம் சொல்லலாம். வெயில் தாழ்ந்தபின் இருவருமாய்க் காரை நிழலில் நிறுத்தி மறுபடி கழுவலாம். வாளி இரண்டு வேண்டும்: ஒன்றில் காருக்கான சவர்க்காரத் தண்ணீர், மற்றதில் துணியை அலச வெறுந் தண்ணீர். கூரையில் தொடங்கிக் கீழே வரவேண்டும். மணல் கூடுதலாய் இருப்பது கீழ்ப்பக்கத்தில்.