பலனும் பயனும்

கைம்மாறு எதிர்பார்க்காமல் கொடுப்பது தானம். ஆனால் கொடுத்தது யாருக்கும் உதவாமல் போனால் அதுவும் தானம்தானா? இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது வீட்டிலிருந்த ஒரு பழைய கணினி.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. கேமரன் மலை, ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்ட வீட்டில் நான் முடங்கிக் கிடந்தேன். அப்பா மட்டும் தொழிற்சாலைக்குப் போய் வந்தார். ஊரே அரிசி பருப்பு என்று உதவிக்கொண்டிருந்தது. என்னிடம் கொடுக்க என்ன இருக்கிறது? மூலையில் கிடந்த கணினிதான்.

பெரிய அறிவியல் கணக்கைத் துண்டு துண்டாகப் பிரித்து, இணையம் வழி வீட்டுக் கணினிகளுக்கு அனுப்புவார்கள். நாம் சும்மா விட்டிருக்கும் நேரத்தில் கணினி அந்தத் துண்டைக் கணக்கிட்டு விடையைத் திருப்பி அனுப்பும். வேற்றுலக உயிர்களைத் தேடிய 'செட்டி அட் ஹோம்' 1999-இல் தொடங்கி, அதே மார்ச் மாதக் கடைசியில் புது வேலை அனுப்புவதை நிறுத்தியது. நான் சேர்ந்தது கொரோனா கிருமியின் புரதங்களை ஆராய்ந்த 'ஃபோல்டிங் அட் ஹோம்'.

இரவு பகலாக ஓடவிட்டேன். திரையில் புள்ளிகள் ஏற ஏற எனக்கு ஒரே பெருமை. அடுத்த மாத மின்கட்டண பில்லைப் பார்த்த அப்பா கேட்டார்: "ஏன்டா, இது யாருக்கு ஓடுது?"

"உலகத்துக்குப்பா. பலனை எதிர்பார்க்காம செய்யணும்னு கீதையிலயே சொல்லியிருக்கே!"

அப்பா சிரித்தார். "சரிடா. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு உங்க பாட்டி சொல்லுவாங்க. நீ அளந்தியா?"

அன்றுதான் அளந்தேன். கணினி இழுத்தது ஏறக்குறைய 100 வாட். நாள் முழுதும் ஓடினால் மாதம் 72 யூனிட். யூனிட்டுக்கு 21.8 சென் என்றால் 15 ரிங்கிட் 70 சென். தானம் என் பெயரில், காசு அப்பாவின் வியர்வையில்.

அதைவிட வலித்தது இன்னொன்று. அந்தத் திட்டத்தில் ஒரு துண்டின் விடை வந்த பிறகே அதைத் தொடரும் அடுத்த துண்டு பிறக்கும். என் கணினி பல வேலைகளைக் கெடுவுக்குள் முடிக்கவில்லை. கெடு தாண்டினால் அதே வேலை வேறொருவருக்குப் போகும். அதுவரை அந்தச் சங்கிலி நகராது. உதவுவதாக நினைத்துக்கொண்டு நான் வழியை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்!

பாட்டி இந்த மலையில் கொழுந்து பறித்தவர். முற்றல் இலையைப் போட்டால் கூடையில் எடை ஏறும், தேநீர் கெடும். என் புள்ளிகளும் அப்படித்தான், வெறும் எடை.

பலன் எனக்கு வருவது. பயன் பிறருக்குப் போவது. பலனை எதிர்பார்க்காதே என்றால், பயனையும் பார்க்காதே என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். கீதை விடச் சொன்னது முதலாவதைத்தான். இரண்டாவதை விடுவது சோம்பேறித்தனம்.

அந்த மே மாதம் 'வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்' கொரோனா மருந்துத் தேடலைத் தொடங்கியது. ஒவ்வொரு மூலக்கூறும் கிருமியின் புரதத்தில் பொருந்துமா என்று தனித்தனியாகப் பார்க்கும் வேலை. ஒன்று இன்னொன்றுக்காகக் காத்திருக்காது, துண்டுகளும் சிறியவை. என் கிழட்டுக் கணினிக்கு ஏற்றது. நாளுக்கு எட்டு மணி நேரம் மட்டும் ஓடவிட்டேன். மாதம் 24 யூனிட், ஐந்து ரிங்கிட் சொச்சம். அதை என் கைக்காசிலிருந்து அப்பாவிடம் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். அந்த மௌனம் எனக்குப் பெரிய பாராட்டு.

தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டிலும் பழைய கணினி இருக்கலாம். ஓடவிடும் முன் மூன்றைக் கேளுங்கள். கெடுவுக்குள் இதனால் முடிக்க முடியுமா? மின்சாரக் காசு யாருடையது? விடை யாருக்கு உதவும்? மூன்றுக்கும் நேர்மையான பதில் கிடைக்காவிட்டால் அணைத்துவிடுங்கள். சில நேரம் அதுவும் சேவைதான்.