தயவும் வாசலும்

அருங்காட்சியகம் பார்க்கப் புறப்படுகிறவர் நேரத்தையும் கட்டணத்தையும் விசாரித்தால் போதும். சக்கர நாற்காலியில் வருகிறவரோ முதலில் படிகளை எண்ண வேண்டியிருக்கிறது. லிப்ட் உண்டா, கழிவறைக்குள் நாற்காலி திரும்புமா என்று கேட்டுக் கேட்டுத்தான் அவருடைய பயணம் தொடங்குகிறது. “வாருங்கள், நாலு பேர் தூக்கிவிடுவார்கள்” என்று பதில் வரும். நல்ல மனந்தான். ஆனால் அப்படித் தூக்கப்படுகிறவர் சிலைகளைப் பார்ப்பாரா, தம்மைப் பார்க்கும் கண்களைப் பார்ப்பாரா?

வழி விடுவது தயவா, கடமையா? பாரிஸ் நகரத்து லூவர் மாளிகையில் 1989-இல் திறந்த கண்ணாடிப் பிரமிடு இதற்கு ஒரு விடை சொல்கிறது. உள்ளே வளைந்து இறங்கும் படிக்கட்டு. அதன் நடுவிலேயே கூரையில்லாத, உருளை வடிவான லிப்ட். அதை அமைத்த கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய், நடக்க இயலாதவரைக் கொல்லைப்புறத்துக்கு அனுப்பவில்லை. எல்லாரும் இறங்கும் இடத்தில் அவரும் இறங்குகிறார்; யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

அதே மாளிகையில் இன்னொரு படிக்கட்டின் உச்சியில், சாமோத்திரேஸ் தீவில் 1863-இல் கண்டெடுத்த வெற்றித் தேவதை சிறகு விரித்து நிற்கிறாள். ஏறி வருகிறவரின் கண்ணுக்கு அவள் படிப்படியாக வளர்கிறாள். அந்த ஏற்றம் நாற்காலியில் வருகிறவருக்குக் கிட்டாது.

எல்லாவற்றையும் சமமாக்க முடியாது என்பது உண்மையே. அந்த உண்மையைச் சாக்காக்கி, முடிந்ததையும் செய்யாமல் இருப்பதுதான் குற்றம். தயவு ஆளைத் தூக்குகிறது. நியாயம் வாசலைத் திருத்துகிறது.