கதவும் கணக்கும்

சீன தேசத்தில் கூடுவதாக இருந்து, ஜப்பானியப் படையெடுப்பால் அங்கே மூண்ட யுத்தத்தின் காரணமாக இடம் மாற்றப்பட்ட சர்வதேச மிஷனெரிக் கவுன்ஸிலின் மகாநாடு, 1938 டிசம்பரில், அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துப் புதர்க்காட்டுக்குக் குடிபெயர்ந்திருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகத்தில் நடைபெற்றது. 69 நாடுகளைச் சேர்ந்த 471 பிரதிநிதிகள் அங்கே ஆராய்ந்த விஷயங்களுள் முதன்மையானது கடவுள் அல்லர், திருச்சபை. ஆயினும் அம்மகாநாடு கூடுவதற்கு முன்பே, சென்னையைச் சேர்ந்த பி. செஞ்சையா, வி. சக்கரை முதலிய இந்தியக் கிறிஸ்தவர்கள் சேர்ந்து ஒரு நூல் வெளியிட்டு, மேனாட்டார் இங்கே கொண்டுவந்து நிறுவிய சபை அமைப்பு இயேசுவின் நெறிக்கு எவ்வளவு அவசியம் என்று துணிந்து வினவியிருந்தார்கள். நாத்திகர் கேட்டிருந்தால் துவேஷம் என்று தள்ளிவிடலாம். விசுவாசிகளே கேட்ட கேள்வி அவ்வளவு எளிதில் தள்ளத்தக்கதன்று. ஸ்தாபனமாகத் திரண்டு நிற்கும் சமயத்தால் சமுதாயத்துக்கு விளைவது நன்மையா, தீமையா, எது மிகுதி என்பதே அக்கேள்வியின் உட்பொருள்.

இதற்கு விடை சொல்லப் புகுவோர் பெரும்பாலும் ஒரு குறுக்கு வழியில் இறங்கிவிடுகிறார்கள். சமயம் வேறு, ஸ்தாபனம் வேறு; பக்தியும் கருணையும் சமயத்தால் விளைந்தவை, சண்டையும் சுரண்டலும் நிர்வாகிகளின் சுபாவத்தால் விளைந்தவை என்று சொல்லி, லாபத்தையெல்லாம் ஒரு பேரேட்டிலும் நஷ்டத்தையெல்லாம் மற்றொன்றிலும் எழுதிக்கொள்ளும் இந்த வழக்கம் நேர்மையானதன்று. சடங்குகளையும் சாதிக் கட்டுகளையும் அவ்வளவு கடுமையாகக் கண்டித்த வள்ளலாரே, பசித்தவனுக்குச் சோறிட வேண்டுமென்று நினைத்தபோது, 1867இல் வடலூரில் ஒரு தருமசாலையை நிறுவித்தான் தீர வேண்டியிருந்தது. நிலமும் நிதியும் ஆளும் முறையும் இல்லாத கருணை அடுத்த தலைமுறைவரை நீடிப்பதில்லை. அவை வந்து சேர்ந்த அன்றைக்கே, யார் உள்ளே, யார் வெளியே என்ற வரம்பும் வந்து சேர்கிறது.

இதைத் தாம்பரத்துக் கல்லூரியின் பூர்வ சரித்திரத்திலேயே காணலாம். அது 1837இல், ஆர்மீனியன் தெருவில், ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியாரின் கீழ் ஒரு சிறு பள்ளிக்கூடமாக நடக்கத் தொடங்கியது. மறு ஆண்டிலேயே, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த சிறுவர் சிலர் அங்கே படிப்பது தெரியவந்தபோது, அவர்களை நீக்க வேண்டுமென்று சாதி இந்துக்கள் வற்புறுத்தினார்கள், ஆண்டர்சன் மறுத்தார், பிள்ளைகள் பலர் பள்ளியை விட்டு விலகினார்கள். அரசாங்கமே செய்யத் துணியாத ஒன்றைச் செய்ய அவருக்குத் தெம்பளித்தது அவருடைய சமய நம்பிக்கையன்றி வேறில்லை. ஆனால் அதே நம்பிக்கை, 1841இல், அங்கே படித்துக்கொண்டிருந்த இளைஞர் சிலருக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் வைத்தது. கல்விக்காக அனுப்பிய பிள்ளை குடும்பத்தையே துறந்து நின்றதைக் கண்ட பெற்றோரின் அச்சத்தால் பள்ளி ஏறக்குறையக் காலியாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு, பச்சையப்ப முதலியார் தருமத்துக்கென்று விட்டுச் சென்ற பொருளைக்கொண்டு இந்துப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி திறக்கப்பட்டது. பிற்காலத்தில் புகழ்பெற்ற கல்லூரியாக வளர்ந்த அதன் கதவு, இந்துக்கள் அல்லாதாருக்கு 1947வரை திறக்கவில்லை.

இந்த வரலாற்றில் எது நன்மை, எது தீமை என்று ஒருவர் கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும். ஆண்டர்சனின் பிடிவாதம் ஒருமுறை அறமாகவும் மறுமுறை ஆக்கிரமிப்பாகவும் தோன்றுகிறது. பச்சையப்பர் தருமம் ஆயிரக்கணக்கானவர்க்கு எழுத்தறிவித்துக்கொண்டே மற்றவர்க்கு வாசலை அடைத்திருக்கிறது. கணக்குப் போட்டு விடை காணும் முயற்சி இங்கே தோற்றுவிடுகிறது. எனவே வேறொரு வகையில் கேட்பதே முறை: ஸ்தாபன சமயம் செய்யும் நன்மையைப் பிறர் செய்ய முடியுமா? அது செய்யும் தீமையைப் பிறர் செய்ய முடியுமா?

முதற் கேள்விக்கு, ஓரளவு முடியும் என்பதே விடை. தாம்பரத்துக் காசநோய் மருத்துவமனை, எந்த மடமும் சபையும் கட்டளையிடாமல், டேவிட் சவுரிமுத்து என்ற வைத்தியரின் தனி முயற்சியால் 1928இல் தோன்றி, 1937இல் அரசாங்கத்தின் கைக்கு வந்து, இன்றளவும் நோயாளியின் மதத்தைக் கேளாமல் நடந்துவருகிறது. ‘ஓரளவு’ என்றதற்கும் காரணமுண்டு. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தபோது, சென்னை நகரிலும் புறநகர்களிலும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் கோயில்களும் ஊராருக்குக் கதவைத் திறந்துவிட்டன. பெரிய அண்டாவும், பாயும், கூப்பிட்டவுடன் வரும் இளைஞர் கூட்டமும் முன்கூட்டியே எங்கே இருந்தனவோ அங்கேதான் முதல் சோறு வெந்தது.

இரண்டாவது கேள்விக்கு விடை கடுமையானது. கொடுமையை யாரும் செய்யலாம். ஆனால் அதைத் தெய்வ சங்கற்பம் என்று சொல்லி, அதற்கு உட்பட்டவனே அதை நியாயமென நம்பும்படி செய்யும் வல்லமை சமயத்துக்கு இருப்பதுபோல் வேறெதற்கும் இருந்ததில்லை. கோயில் வாசலில் ஒருவனைத் தடுத்து நிறுத்தியவன் தன்னைக் கொடியவனாக எண்ணவில்லை. அனுஷ்டானம் தவறாதவனாக எண்ணினான். சமத்துவத்தைப் போதித்த சபையும் தப்பவில்லை: திருச்சியில் ஒரு கத்தோலிக்கக் கல்லறையின் நடுவே சாதியைப் பிரிக்கும் சுவர் எழுப்பப்பட்டிருந்தது. செத்த பிறகும் தீண்டாமை!

இவற்றைத் திருத்தியவர்கள் யார் என்று பார்த்தால், உள்ளிருந்த சான்றோர் சிலரைத் தவிர, பெரும்பங்கு வெளியிலிருந்தே வந்தது. தேவஸ்தான வருமானத்தின் மீது பொதுக்கண் விழுந்தது 1920களின் அறநிலையச் சட்டங்களால். தாம்பரம் மகாநாடு முடிந்து ஏழு மாதங்கள் ஆகுமுன், 1939 ஜூலையில் நடந்த, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டோரின் மதுரை ஆலயப் பிரவேசத்துக்கு, அதை முன்னின்று நடத்திய வைத்தியநாத ஐயரின் துணிவோடு சட்டத்தின் பாதுகாப்பும் தேவைப்பட்டது. எல்லாச் சாதியாரும் அர்ச்சகராகலாம் என்று 1970இல் வகுத்த விதி, வழக்குகளில் சிக்கி, குறிப்பிடத்தக்க நியமனங்களாக மலர 2021 ஆயிற்று. நித்தியம் என்று ஸ்தாபனங்கள் உரிமை கொண்டாடும் எதுவும் நித்தியமன்று என்பதற்குப் பல்லாவரத்துக் குன்றே போதும்: பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைந்த கோயில் அங்கே இன்று தர்காவாக இருக்கிறது, அவனுடைய விருதுப் பெயர்கள் கல்லில் அப்படியே இருக்க.

ஆகவே, தன்னைத் தானே விசாரித்துக்கொள்ளும்படி விடப்பட்ட சமய ஸ்தாபனத்தால் தீமையே மிகுதி. சட்டத்துக்கும் ஊராரின் கேள்விக்கும் உட்பட்ட ஸ்தாபனத்தால் நன்மை மிகுதி. எந்தச் சமயத்துக்கும் இதில் விலக்கில்லை. தம் ஊர்க் கோயிலோ, ஜமாத்தோ, சர்ச்சோ எத்தகையது என்று அறிய விரும்பும் வாசகர், அதன் பிரசங்கத்தைக் கேட்க வேண்டியதில்லை. அதன் வருஷக் கணக்கை ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.