யார் செலவில் சிக்கனம்?

சிக்கனம் நற்குணங்களுள் ஒன்று என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் மிச்சமாகும் பணம் எவருடைய பையிலிருந்து மிச்சமாகிறது என்று கேளாமலே அதனைப் புகழ்ந்துவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. இவ்வினாவை இன்று நம் இல்லங்களுக்குள் கொண்டுவந்திருப்பவர்கள் நம் பிள்ளைகளே. ஓசூர்த் தொழிற்பேட்டையிலும், எல்லைக்கு அப்பால் பெங்களூரிலும் பணிபுரியும் இளைஞர்கள் மூவர் நால்வராகச் சேர்ந்து, முதுகில் ஒரு பையும் கையில் எண்ணி எடுத்த பணமுமாகப் பாரிஸ், ரோம், பார்சிலோனா என்று சுற்றிவரத் திட்டமிடுகிறார்கள். "இது வீண்விரயம் அல்லவா?" என்கிறார் வாப்பா. "குறைந்த செலவில்தானே போகிறோம்?" என்கிறான் மகன். இருவரும் செலவின் அளவைப் பேசுகிறார்கள். அதனைச் சுமப்பவர் யார் என்பது பேச்சில் வருவதே இல்லை.

பயணத்தையே குறை கூறுவதற்கில்லை. பூமியில் சுற்றிவந்து பார்க்குமாறு திருமறை பல இடங்களில் பணிக்கிறது. எனினும் ஷாஃபிஈ சட்ட அறிஞர்களுள் சிலர், ஊர்களைப் பார்ப்பது ஒன்றே நோக்கமாகக் கிளம்பியவனுக்குத் தொழுகையைச் சுருக்கும் சலுகை இல்லை என்று கருதினர். இது சற்றுக் கடுமையாகவே தோன்றுகிறது. ஆயினும் சலுகை பெறுபவனைப் பார்த்து, "எதற்காகப் புறப்பட்டாய்?" என்று அவர்கள் கேட்டதில் பொருள் இருக்கிறது. நம் மார்க்கத்தில் முஸாபிர் என்பது ஓர் உரிமைச் சொல். அவனுக்குத் தொழுகை சுருங்குகிறது, நோன்பு தள்ளிப்போகிறது, ஸகாத் பெறத் தக்க எட்டு வகையினருள் அவனும் ஒருவன். சொந்த ஊரில் செல்வனாக இருப்பினும் வழியில் கையற்று நின்றால் அவனுக்குப் பங்கு உண்டு. வேடிக்கை பார்க்கச் செல்பவன் இவ்வுரிமையை எந்த அளவுக்குத் தனதாக்கிக் கொள்ளலாம்?

உண்மையில், ஏழையாக ஐரோப்பாவுக்குள் நுழைய நமக்கு வழியில்லை. ஷெங்கன் விசா கேட்பவர் பயணத்துக்குப் போதிய பணம் தம்மிடம் உண்டென்று காட்டவேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்கவேண்டும். 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பி வாராது. எனவே குறைந்த செலவுப் பயணி எனப்படுபவர் காசுள்ளவராகவோ, காசுள்ளவராகக் காட்டிக்கொள்பவராகவோ இருந்தாக வேண்டும். முதற் சறுக்கல் இங்கேதான். மாமாவிடமோ சாச்சாவிடமோ சில வாரங்களுக்குப் பணம் வாங்கி மகனின் கணக்கில் போட்டு, வங்கி தரும் இருப்புச் சான்றை வாங்கியதும் திருப்பிக் கொடுத்துவிடுகிற வழக்கத்தை நாம் அறிவோம். "வட்டியும் இல்லை, எவருக்கும் நட்டமும் இல்லை" என்பார்கள். சான்றில் உள்ள எண் மெய்தான். அச்சான்று சொல்லவரும் செய்தி பொய். நட்டமும் இல்லாமல் இல்லை. இவ்வாறு நிரப்பப்பட்ட கணக்குகளைக் கண்டு பழகிய அதிகாரி, அடுத்து வரும் நேர்மையாளனையும் ஐயத்தோடுதான் பார்ப்பார். அவன் செலுத்திய 90 யூரோ யார் கணக்கில் எழுதப்படும்?

காசே இல்லாமல் ஐரோப்பாவைக் கடந்தவர்களும் உண்டு. சதீஷ் குமார், ஈ.பி. மேனன் என்னும் இருவர் பெங்களூரில் இருந்தபோது, அணு ஆயுதத்தை எதிர்த்து உலக வல்லரசுகளின் தலைநகரங்களுக்கு நடந்தே செல்வதென்று முடிவு செய்தனர். பணம் எடுத்துச் செல்லவேண்டாம் என்று வினோபா பாவே அறிவுறுத்தினார். 1962இல் டில்லியில் காந்தியடிகளின் நினைவிடத்திலிருந்து புறப்பட்டுப் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் வழியாக மாஸ்கோவுக்கும் பாரிசுக்கும் லண்டனுக்கும் சென்றார்கள். கடல் குறுக்கிட்ட இடத்தில் கப்பலேறி வாஷிங்டனையும் அடைந்தார்கள். வழிநெடுக அவர்களுக்குச் சோறிட்டவர்கள் முன்பின் அறியாதவர்கள். ஆக, அவர்களுடைய சிக்கனத்தைச் சுமந்தவர்கள் பிறரே. இருந்தும் நம் மனம் அவர்களைக் குறை கூறுவதில்லை. கதவைத் திறந்தவர் யாருக்காகத் திறக்கிறோம், எதைக் கொடுக்கிறோம் என்று அறிந்தே திறந்தார்.

மதுரை வரை வந்து சென்ற இப்னு பதூதாவின் கதை வேறு. டில்லியில் அவர் பட்ட கடன் 55,000 தீனார். சுல்தான் முகம்மது பின் துக்ளக் அதனைத் தீர்த்துவைத்தார். சுல்தானின் கருவூலத்தை நிரப்பிய உழவர்களை எவரும் சம்மதம் கேட்கவில்லை. அவருடைய நூலைப் பெரிதும் விரும்பிப் படிப்பவர்கள்கூட இந்த இடத்தில் சற்று நின்று போகவேண்டும்.

விருந்தோம்பல் மூன்று நாள். அதற்கு மேல் அளிப்பது தருமம். விருந்தளிப்பவரைச் சங்கடத்தில் ஆழ்த்தும் அளவுக்குத் தங்குதல் விருந்தாளிக்கு ஆகாது என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனை. விருந்தளிப்போருக்கு வந்த சங்கடத்தைப் பார்சிலோனா நகரத்தார் 2024 ஜூலையில் தெருவிலேயே காட்டினர். ஊர்வலம் வந்தவர்கள் உணவகங்களில் அமர்ந்திருந்த பயணிகள்மீது பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள். அதற்கு முந்திய மாதந்தான் அந்நகர மேயர், சுற்றுலாப் பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விடப்படும் ஏறத்தாழ 10,000 வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவருவதாக அறிவித்திருந்தார். குடும்பங்கள் குடியிருந்த வீடுகள் மூன்று இரவுத் தங்கலுக்குப் போய்விட, எஞ்சிய வீடுகளின் வாடகை உயர்ந்தது என்பதே மக்களின் முறையீடு. நால்வர் பங்கிட்டால் அத்தகைய வீடு மலிவாக அமையலாம். இளைஞர் விடுதியில் அடுக்குக் கட்டிலில் எட்டுப் பேரோடு படுப்பவனும் மலிவாகவே தங்குகிறான். ஆனால் அவன் குறுக்கிக்கொள்வது தன் கைகால்களை. முன்னவன் குறுக்குவது, தான் ஒருநாளும் காணப்போகாத ஒரு குடும்பத்தின் இடத்தை. மனமுவந்து தரப்படாத பொருள் ஆகாது என்று கற்றவர்கள், இங்கே மனமுவந்தவர் வீட்டுக்காரர் மட்டுமே என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இதனை உணர்வதற்குப் பார்சிலோனா வரை போகவேண்டியதில்லை. ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில் சானமாவு இருக்கிறது. மழை ஓய்ந்து கேழ்வரகு முற்றும் பருவத்தில் கர்நாடகத்துப் பன்னர்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஆண்டுதோறும் அங்கே வந்து தங்குகின்றன. பேரண்டப்பள்ளி அருகில் அவை நெடுஞ்சாலையைக் கடக்கும்போது நாம் வாகனத்தை நிறுத்தி வியந்து பார்க்கிறோம். இரவெல்லாம் கண்விழித்து வயலைக் காப்பவனுக்கு அது வியப்பாக இல்லை. யானையும் கையில் காசில்லாமல்தான் பயணம் செய்கிறது, செலவு உழவனுடையது. (அது யானையின் பழைய வழி, வயலும் சாலையும் பின்னர் வந்தவை என்பதும் மெய்யே, அது தனி வழக்கு.) யானையிடம் கணக்குக் கேட்பாரில்லை. நமக்குக் கேள்வி கணக்கு உண்டு.

அதே பகுதியில் இன்னொரு பயணியும் இருக்கிறான். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் முதுகில் ஒரு பையோடு, முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றபடியே வந்து, ஒரே அறையில் பலரோடு படுத்துறங்கித் தொழிற்சாலைக்குப் போகிறான். நம் மகனைவிடக் குறைந்த செலவில் பயணம் செய்தவன் அவன். அவனை நாம் பயணி என்பதில்லை; 'வடக்கத்தி ஆள்' என்கிறோம். திருமறை கூறும் வழிப்போக்கனுக்கு மிக அருகில் நிற்பவன் அவன்தான். தலைக்கு இவ்வளவு என்று அவனிடம் வாடகை வாங்கும் நம்மவர்கள், அந்நிய நாட்டில் தம் பிள்ளை கனிவோடு நடத்தப்பட வேண்டுமென்று துஆச் செய்கிறார்கள்.

நண்பர் கூட்டத்துக்குள்ளேயும் இக்கேள்வி உண்டு. பயணத்தில் ஒவ்வொருவரும் சமமாகப் போட்டுக் கூட்டாக உண்ணும் வழக்கத்துக்கு அரபியில் 'நிஹ்து' என்று பெயர். இமாம் புகாரீ அவர்கள் கூட்டுடைமை பற்றிய பகுதியை இதனைக்கொண்டே தொடங்குகிறார்கள். ஒருவர் கூடுதலாக உண்பார், ஒருவர் குறைவாக உண்பார். அதனை எவரும் எண்ணுவதில்லை. அஷ்அரீ குலத்தார் உணவு குறைந்தபோது இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள். இன்றோ கைபேசி, குடித்த காப்பி வரை கணக்கிட்டுப் பங்கு பிரித்துக் காட்டுகிறது. நால்வரில் குறைந்த சம்பளக்காரன், "எனக்குப் பசியில்லை" என்று சொல்லி அறையிலேயே தங்கிவிடுகிறான். மற்ற மூவரும் மலிவாக ஊர் சுற்றியதாக மகிழ்கிறார்கள்.

மூவர் பயணம் புறப்பட்டால் தம்முள் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ளட்டும் என்று நபிமொழி இருக்கிறது. வயதில் மூத்தவனையோ, ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவனையோ அமீராக்குவதே வழக்கம். ஒருமுறை அந்தக் குறைந்த சம்பளக்காரனையே அமீராக்கிப் பார்க்கலாம். உணவகத்தின் வாயிலில் நின்று, உள்ளே போவதா, கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு ஆற்றங்கரையில் உட்காருவதா என்பதை அவன் சொல்லட்டும்.