வீட்டில் உத்தியோகம்: உடை யாருக்காக?

இடுப்புக்கு மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை; இடுப்புக்குக் கீழே சாயம் போன கைலி. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் உத்தியோகஸ்தர் பலரின் கோலம் இன்று இதுதான். கணினித் திரையில் சட்டை மட்டுமே தெரிகிறது, கைலி தெரிவதில்லை. இதில் என்ன குற்றம் என்று கேட்கிறார்கள். கேள்வி வேடிக்கையாகத் தோன்றினும் இதனுள் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. உடை யாருக்காக? பார்ப்பவனுக்காகவா, உடுத்துபவனுக்காகவா, படைத்தவனுக்காகவா? நம் அங்கத்தினர்கள் இதைச் சற்று நிதானமாகச் சிந்திக்க வேண்டுமென்று விரும்புகிறோம்.

2020-ம் ஆண்டில் கொவிட் நோய் பரவியபோது மலேசியாவில் மார்ச் 18-ந் தேதியும், சிங்கப்பூரில் ஏப்ரல் 7-ந் தேதியும் கட்டுப்பாடுகள் தொடங்கின. அன்று வீட்டுக்குள் புகுந்த ஆபீஸ், நோய் தணிந்த பின்னும் முழுவதுமாக வெளியேறவில்லை. மலேசியாவில் 2023 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தையும் இடத்தையும் மாற்றித் தரும்படி தொழிலாளி மனுச் செய்யலாம்; முதலாளி 60 நாட்களுக்குள் பதில் கூறவேண்டும். சிங்கப்பூரிலும் 2024 டிசம்பர் முதல் தேதியிலிருந்து இதையொத்த வழிகாட்டி இருக்கிறது. தக்க காரணம் காட்டி முதலாளி மறுக்கலாம் என்பது வேறு விஷயம். எவ்வாறாயினும் வாரத்தில் 2 நாள் அல்லது 3 நாள் ஆபீஸ், மற்ற நாள் வீடு என்று வாழ்வோர் நம்மவரில் இன்று அனேகர்.

முதலில் ஒன்று. கைலியைக் குறை கூற நாம் வரவில்லை. ஆண்களுக்குத் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டது அவ்ரத். கைலி அதை மறைக்கிறது. அதை உடுத்தியே தொழுகிறோம். கைலி கட்டிக் கல்லாவில் அமர்ந்து நாணயமாக வாணிகம் செய்தவர்களின் பிள்ளைகள் நாம். ஆகவே மார்க்கச் சட்டப்படி அந்த உத்தியோகஸ்தர் மீது குற்றமில்லை. நம்மை உறுத்துவது கைலியன்று. தெரியாத பாதி எப்படியிருந்தாலும் பரவாயில்லை என்னும் எண்ணம்.

தனித்திருக்கும்போதும் மறைக்கத்தான் வேண்டுமா என்று ஒரு ஸஹாபி கேட்டபோது, மனிதரைவிட அல்லாஹ்விடம் வெட்கப்படுவதே மிகத் தகும் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்ததாக அபூதாவூது, திர்மிதீ கிரந்தங்களில் காண்கிறோம். ஹயா என்பது பார்வையாளன் வந்தபின் பூசிக்கொள்ளும் வர்ணமன்று. திரைக்குத் தெரியும் பாகத்தை மட்டும் சீர்படுத்திப் பழகிய கை, மேலதிகாரிக்குத் தெரியும் கணக்கை மட்டும் சீர்படுத்தவும் மெல்ல மெல்லப் பழகிவிடாதா? பனியனோடு அமர்ந்து பத்தரைமாற்று வேலை செய்வோரும் உண்டென்று சிலர் வாதிப்பர். உண்டுதான். அவர்களைப் பற்றியல்ல நம் பேச்சு. சம்பளமும் வேலையும் அமானத் என்று நம்புகிறவனுக்கு, வேலைக்கென்று குளித்து உடை மாற்றி அமர்வது நிய்யத்தை நிலைநிறுத்த ஓர் உதவி என்பதே நாம் கூறுவது.

ஹதீஸில் ஓர் அழகான விஷயம் உண்டு. வசதியுள்ளவர், தொழிலுக்கு உடுத்தும் உடைகளைத் தவிர ஜும்ஆவுக்கென்று இரண்டு உடைகள் வைத்துக்கொண்டால் என்ன என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். ஆகவே வேலைக்கு ஓர் உடை, வணக்கத்துக்கு ஓர் உடை என்று பிரிப்பது நமக்குப் புதிதன்று. அங்கே தொழிலைக் குறிக்க வருவது ‘மிஹ்னத்’ என்ற அரபுச் சொல். நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் பணியில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்று ஆயிஷா நாயகி (ரலி) விடையளித்தார்கள். புகாரியில் வரும் அந்த விடையிலும் அதே ‘மிஹ்னத்’தான்! சம்பளம் தரும் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் சொல் ஒன்றே. இதை ஓதிய நாம், ஆபீஸ் வேலைக்கு மட்டும் மதிப்பான உடை, வீட்டாருக்கு எஞ்சிய கந்தல் என்று வைத்திருப்பது எந்த நியாயம்? மனைவி தமக்காக அலங்கரிப்பதைத் தாம் விரும்புவதுபோல, மனைவிக்காகத் தாம் அலங்கரிப்பதையும் விரும்புவதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதாக அறிவிப்பு உண்டு. நம்மில் பலரோ காலை 9 மணிக்கு அதிகாரிக்காகச் சட்டை மாட்டி, மாலை 6 மணிக்கு மனைவிக்காகக் கிழிந்த பனியனுக்கு மாறுகிறோம்.

இதனினும் பெரிதொன்று உண்டு. அதை எவரும் பேசுவதில்லை.

மூவறை வீட்டில் கணவர் கூடத்து மேசையில் காமிராவைத் திறந்து அமர்கிறார். அவருக்குப் பின்னால் அடுப்படி. மனைவி தண்ணீர் எடுக்கவும் தூடோங் அணிந்து வருகிறார். பருவமடைந்த மகள் அறையை விட்டு வெளிவரவே தயங்குகிறாள். கணவர் ஒருவரின் உத்தியோகத்துக்காக வீட்டிலுள்ள பெண்கள் அத்தனை பேரும் நாள் முழுவதும் வெளியுடையில் இருக்கவேண்டியதாகிறது. அவர்களுக்கு யார் சம்பளம் தருகிறார்? நூர் அத்தியாயத்தில் அல்லாஹுத் தஆலா, வைகறைத் தொழுகைக்கு முன்னும், நண்பகலில் உடை களையும் வேளையிலும், இஷாவுக்குப் பின்னும் வீட்டுச் சிறுவரும் பணியாட்களுங்கூட அனுமதி கேட்டே உள்ளே வரவேண்டுமெனக் கட்டளையிடுகிறான். உடை தளர்த்தி இளைப்பாறும் உரிமை வீட்டாருக்கு உண்டென்பதை இது காட்டவில்லையா? காமிராவும் ஒரு வாசற்படிதான். அதன் வழியே பத்துப் பேர் உள்ளே எட்டிப் பார்க்கும்போது வீட்டாரிடம் அனுமதி கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? மேசையைத் திருப்பிப் போட்டு முதுகைச் சுவரின் பக்கம் வைத்தால் பாதித் தொல்லை தீரும். அதற்கு ஒரு காசும் செலவில்லை. கூட்டம் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே சொல்லிவிட்டால் மீதியும் குறையும்.

இனி என்ன வாங்குவது என்ற கேள்வி. துணி விற்கும் நாமே குறைவாக வாங்குங்கள் என்பது விநோதமாகப் படலாம். ஆபீஸ் குளிர், வீடு வெப்பம். ஒரே சட்டை இரண்டுக்கும் ஒத்துவராது. வாரம் மூன்று நாள் ஆபீசுக்கு 3 சட்டையும் 2 சிலுவாரும் போதும். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணியானால் அதிகம் கசங்காது, துவைத்தால் சீக்கிரம் காயும். வீட்டுக்குத் தூய பருத்தியில், மலாய்க்காரர் அணியும் தெலோக் பெலாங்கா போன்ற காலரில்லாத தொளதொளத்த மேற்சட்டை இரண்டும், நல்ல நிலையிலுள்ள கைலி இரண்டும். அதை உடுத்திக் கூட்டத்தில் அமரலாம், லுஹர் தொழலாம், வாசலுக்கு வருபவரை வரவேற்கலாம், சட்டியும் கழுவலாம். பெண்களுக்கும் இதுவே அளவு: ஆபீசுக்கு மூன்று பாஜு குரோங், வீட்டு வேலை நாளுக்கு இரண்டு பருத்தி அங்கியும், ஊசி குத்தாமல் தலைவழியே போட்டுக்கொள்ளும் தூடோங்கும். வீட்டுடையை இதற்குமேல் யாரும் விலை கொடுத்து வாங்குவது வீண் விரயம் என்றே கருதுகிறோம்.

ஆபீசுக்குத் தினமும் போன காலத்துச் சட்டைகள் பலர் அலமாரியில் இன்னும் தொங்குகின்றன. நம் ஊர் ஈரக்காற்றில் உடுத்தாத துணி பூஞ்சணம் பிடிக்கும்; கஞ்சி போட்டதானால் பூச்சிக்கு விருந்து. காலர் மஞ்சளாகுமுன்பே எடுத்து, துவைத்து மடித்து, புதிதாக வேலைக்குச் சேர்ந்த வாலிபர் எவருக்கேனும் கொடுத்துவிடலாம். முதல் மாதச் சம்பளம் வருமுன் மூன்று நல்ல சட்டை கிடைப்பது அவர்களுக்கு எத்தகைய உதவி என்பது கடையில் நிற்கும் எங்களுக்குத் தெரியும்.